உஸைர் பார்க்காத ஆட்டம்

சவூதியின் தம்மாமில் கௌஸ் முகம்மதுவைத் தெரியாத அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். சகுனம் பார்க்கிறவன் யாராவது கையில் சிக்கினால், "இதெல்லாம் மார்க்கத்துல கூடாது, தெரியுமுல்ல?" என்று அரை மணி நேரம் விடமாட்டார். பந்து உருள ஆரம்பிக்கும்வரை இதெல்லாம் உண்மைதான்.

அவருடைய அணி ஹார்ட்வெல் டவுன். இங்கிலாந்தில் அப்படியோர் ஊர் எந்த மூலையில் இருக்கிறதென்று அவருக்கே வெகுநாள் தெரியாது. கடை திறந்த புதிதில் மொத்த வியாபாரி ஒருவர் மஞ்சளும் ஊதாவுமாக நாற்பது சட்டைகளை அவர் தலையில் கட்டிவிட்டார். ஒருவரும் சீந்தவில்லை. "சும்மா தொங்குறதுக்கு நாமளே போட்டுக்குவோம் மச்சான்" என்றார் உஸைர். உஸைர், கடற்கரைத் தெருவில் அவரோடு பந்து உதைத்து வளர்ந்த சிநேகிதர். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தம்மாமில் பந்து விளையாடும் அதிரைக்காரர்கள் எல்லோரும் மஞ்சள் ஊதா. சட்டையைப் போட்ட பாவத்துக்கு அந்த அணிமேல் பாசமும் ஒட்டிக்கொண்டது. அதுவும் இரண்டாம் பிரிவில் கிடந்து மூச்சுத் திணறும் அணி!

கடைக்கு மேலே இருந்த அறையில்தான் ஆறேழு பேராக ஆட்டம் பார்ப்பார்கள். உஸைர் வந்து உட்கார்ந்தால் ஹார்ட்வெல் கோல் வாங்கும் என்று கண்டுபிடித்தவர் யார்? சகுனம் பார்க்காத நம்ம கௌஸ் முகம்மதுதான். "எந்திரிச்சு வெளிய போ மச்சான், நீ இருந்தா உருப்படாது" என்பார். உஸைரும் சிரித்துக்கொண்டே போய் மாடிப்படியில் உட்கார்வார். உள்ளே கூச்சல் எழும்போதெல்லாம் அங்கிருந்து, "என்னாச்சு மச்சான்?" என்று ஒரு சத்தம் வரும். இது பல வருஷ வழக்கம். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை, உஸைர் உள்பட.

போன மே மாதம் ஹார்ட்வெல்லுக்கு, ஜெயித்தால் முதல் பிரிவுக்கு ஏறும் கடைசி ஆட்டம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. நாற்பதாவது நிமிஷம் கோல் வாங்கியதும் எல்லாத் தலையும் உஸைர் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து மாடிப்படிக்குப் போனார். நடுவில் அந்தி நேர மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு மறுபடி திரைமுன் உட்கார்ந்தார்கள். ஹார்ட்வெல் ஒன்றுக்கு ஒன்று ஆக்கியிருந்தது. எண்பதாவது நிமிஷம் கௌஸ் முகம்மதுவின் போன் அதிர்ந்தது. உஸைர். உள்ளே வரவா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து கட் செய்தார். திரும்ப அடித்தது. கட் செய்தார். மூன்றாவது தடவை, "அட, இவனொருத்தன்!" என்று சொல்லிக்கொண்டே கட் செய்தார். அடுத்த நிமிஷம் ஹார்ட்வெல் கோல் போட்டது.

ஆடிப்பாடி முடித்து, இருபது நிமிஷம் கழித்து, இனிப்பு டப்பாவோடு உஸைரைத் தேடி வந்தார்கள். மூன்றாவது படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கௌஸ் முகம்மதுவை அண்ணனாகவே நினைத்திருந்த உஸைரின் மனைவி ருக்கையா ஓடிவந்து, "உங்களுக்குப் போன் பண்ணலியா காக்கா?" என்று கேட்டாள். பொய் பேசாத கௌஸ் முகம்மது சொன்னார்: "போன் சைலண்ட்ல இருந்துச்சும்மா. கவனிக்கல."

அந்த ஒரு பொய்தான் அவரைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. கணவனை இழந்த ருக்கையா இத்தாவில் இருந்த நான்கு மாதம் பத்து நாளும் அந்நிய ஆண் போய்ப் பேச முடியாதென்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. அது முடிந்த பிறகும் வாரம் தவறாமல் போய் வாசலில் நின்று, மளிகைப் பையைக் கொடுத்து, "அல்லாஹ்வுடைய நாட்டம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் முதல் பிரிவில் ஹார்ட்வெல்லின் ஆட்டங்கள் ஆரம்பித்தன. இதைப் பார்க்கத்தானே உஸைர் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தான்? எண்பதாவது நிமிஷம் வந்ததும் கௌஸ் முகம்மதுவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு அழைப்பும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போனைக் கடை மேஜையில் பூட்டிவிட்டு வந்தார். அதே நிமிஷத்தில் வெறும் பை நெஞ்சருகே அதிர்ந்தது! படியில் பெயர்ந்து கிடந்த ஓடு ஒன்று யாராவது மிதித்தால் சத்தம் போடும். யாரும் மிதிக்காமலே அது சத்தம் போட்டதை அவர் காதால் கேட்டார். கூட இருந்தவர்கள் கேட்கவில்லை என்றார்கள். யாரை நம்புவது?

முதல் எட்டு ஆட்டத்தில் ஹார்ட்வெல் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஒன்பதாவது ஆட்டத்தில் அவருக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் மாடிப்படியில், மூன்றாவது படியை விட்டு நான்காவதில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஹார்ட்வெல் ஜெயித்தது. "காக்கா, நீங்க வெளிய போனதுனாலதான்..." என்று ஆரம்பித்த ஒருவன், மற்றவர்கள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். அதன்பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவரே போய் உட்கார்ந்தார். அவர் வெளியே இருந்தால் ஜெயிப்பதும், மனம் கேட்காமல் உள்ளே எட்டிப் பார்த்தால் தோற்பதுமாக மாதங்கள் கழிந்தன. உஸைர் தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தார். அந்த நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்களை என்னமோ பிடிச்சிருக்கு. ஓதிப் பார்க்கச் சொல்லவா?" என்று கேட்டாள் அவர் மனைவி அஃபீஃபா.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ சும்மா இரு."

"ஒண்ணுமில்லாதவர்தான் தூக்கத்துல 'கட் பண்ண மாட்டேன்'னு கத்துறாரா?"

இந்த மே மாதம் அஃபீஃபா ஒரு சேதி கொண்டுவந்தாள். இந்தியப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ருக்கையா வேலையை விட்டுவிட்டாள். எக்ஸிட் விசா அடித்தாயிற்று. திங்கட்கிழமை விமானம், இனித் திரும்ப மாட்டாள். உஸைரை அடக்கிய கபுரை இங்கே விட்டுவிட்டுப் போகிறோமே என்று அழுதாளாம். பெட்டி கட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் வரவேண்டும் என்று கேட்டிருந்தாள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத்தான் பருவத்தின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே ஹார்ட்வெல் முதல் பிரிவில் தங்கிவிடும். தோற்றால் கீழே போகும்.

கௌஸ் முகம்மது ஆட்டத்தை விட்டார். பெட்டி கட்டப் போனார். அஃபீஃபா பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் கார்ட்டனுக்கு டேப் ஒட்டிக்கொண்டே இருந்தார். ஒட்டியதன் மேலேயே மறுபடி ஒட்டினார்.

"காக்கா, அது போதும்" என்றாள் ருக்கையா.

அவர் தரையில் உட்கார்ந்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னார். "அன்னிக்குப் போன் சைலண்ட்ல இல்லம்மா. அவன் மூணு தடவ அடிச்சான். நான் கட் பண்ணினேன். மூணு தடவையும் நான்தான் கட் பண்ணினேன்."

அஃபீஃபாவின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியும்" என்றாள் ருக்கையா. "அவங்க போன் எங்கிட்டதானே இருக்கு. உங்க பேரு மூணு தடவ இருந்துச்சு. சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு வாரா வாரம் வாசல்ல நிப்பேன். நீங்க மளிகைப் பையக் குடுத்துட்டுப் போயிடுவீங்க."

"திட்டும்மா. வாயில வந்தபடி திட்டிடு."

"எப்படித் திட்டுவேன் காக்கா? நாலாவதா எனக்கு அடிச்சாங்க." அவள் சுவரைப் பார்த்தபடி பேசினாள். "தொழுதுட்டிருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். தொழுகலை. போன் கையிலதான் இருந்துச்சு. ஹார்ட்வெல் தோத்திருக்கும், இவங்க இனி ஒரு மணி நேரம் பொலம்புவாங்கன்னு நெனச்சு எடுக்கல. நீங்க சொன்னா நானும் சொல்லிடலாம்னு ஒரு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன்."

அந்த நேரம் பார்த்து கௌஸ் முகம்மதுவின் போன் நிஜமாகவே அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார். மறுமுனையில் அறையே கத்திக்கொண்டிருந்தது.

"டிராவாம்" என்றார். "தப்பிச்சிட்டாங்க."

ருக்கையா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவள் வாயோரத்தில் வந்தது.

"அப்ப அவங்க இன்னிக்கும் வெளிய, அந்தப் படியிலதான் இருந்திருக்காங்க போல" என்றாள்.

கௌஸ் முகம்மது அந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக, குழந்தைபோல வாய்விட்டு அழுதார்.