அன்ரியின் கொம்பியூட்டரும் பத்தரை மணித்தியாலமும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பஞ்சி, அதாவது சோம்பல், ஒரு காரணம். கதையில் முட்டாள் நான்தான் என்பது மற்றக் காரணம். ஆனால் என் நண்பன் போகிற கலியாண வீடெல்லாம் இதைச் சொல்லித் திரிகிறான். அவன் சொல்கிற கதையில் நான் பனியில் இரண்டு தரம் விழுகிறேன். விழுந்தது ஒரு தரம். அதைத் திருத்தவாவது எழுதவேண்டியிருக்கிறது.

வைகாசியில் ஊரில் சண்டை முடிந்த வருசத்து மார்கழி. ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். நான் நாலாம் மாடி. நண்பனும் அவன் தாயும் பதினோராம் மாடி. தாயை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். மன்னார்ப் பக்கத்து ஆள். அவருடைய தங்கச்சி கடைசிவரைக்கும் சண்டைக்குள் நின்று, பிறகு இரண்டு பிள்ளைகளோடு வவுனியா முகாமுக்கு வந்தவர். நாலைந்து தரம் டெலிபோனில் கதைத்தார்கள். ஒவ்வொரு தரமும் தங்கச்சி, "நான் நல்லா இருக்கிறன் அக்கா" என்பார். அன்ரி நம்பவேயில்லை.

"நல்லா இருக்கிறன் எண்டு ஆரும் சொல்லலாம் தம்பி. கால் போனவளும் சொல்லுவாள். நான் என்ர கண்ணால பாக்கவேணும்."

அதற்கு ஒரு வழி வந்தது. முகாமில் இருப்பவர்களைப் பாஸ் கொடுத்து வெளியே விடத் தொடங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஊர் நேரம் ஆறு மணிக்கு, வவுனியாவில் ஒரு இன்ரநெற் கடையில் கமெராவுக்கு முன்னால் வந்து இருப்பேன் என்று தங்கச்சி சொன்னார். கடைக்காரன் அரை மணித்தியாலம்தான் தருவானாம். அடுத்த பாஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இனிக் கொம்பியூட்டருக்கு வருகிறேன். நான் கொலிஜில் கொம்பியூட்டர் படித்தவன், ஒரே ஒரு செமஸ்டர். அந்தத் துணிவில் அன்ரி வீட்டுக் கொம்பியூட்டரில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் ஏற்றிவிட்டிருந்தேன். போட்டவுடன் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். பத்து செக்கனுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் தானாக மேலே இருக்கிற லினக்ஸுக்குள் போய்விடும். மேலே லினக்ஸில் நண்பன், கீழே விண்டோஸில் அன்ரி. கமெரா வேலை செய்ததும் கீழேதான்.

"நான் பேஸ்மென்ட்காரி," என்று அன்ரி எல்லோருக்கும் சொல்லுவார். "மேல் வீட்டில என்ர மகன். வாடகை தாறேல்லை."

இந்த இரண்டு குடித்தனத்துக்கும் நடுவில் ஒரு மணிக்கூடு. அங்கேதான் பிரச்சினை. விண்டோஸ் அந்த மணிக்கூட்டை ரொறன்ரோ நேரம் என்று வாசிக்கும். லினக்ஸ் லண்டன் நேரம் என்று நினைத்து, ஐந்து மணித்தியாலத்தைக் கழித்துக் காட்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்வந்தால் நேரம் ஐந்து மணித்தியாலம் துள்ளும்.

"டேய், விடிய எட்டு மணிக்கு உது மூண்டு எண்டு காட்டுது," என்றான் நண்பன். "படிச்சனியோ, இல்லாட்டி கன்ரீன்ல இருந்தனியோ?"

"கன்ரீன்லதான். ஆனா கொம்பியூட்டர்காரரோட இருந்தனான்."

புதன்கிழமை போய் லினக்ஸில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். மேலும் பார்த்தேன், கீழும் பார்த்தேன், இரண்டும் ஒரே நேரம். அன்ரி தந்த மூன்று மட்டன் ரோல்ஸையும் வென்றவன் மாதிரித் தின்றுவிட்டு இறங்கினேன்.

வியாழக்கிழமை நண்பன் டெலிபோன் எடுத்தான். "இப்ப ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான் மச்சான். ரெண்டும் ஒற்றுமையாப் பிழை. பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுது."

பற்றறி செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். உள்ளே காசுக் குத்தி மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும், மணிக்கூடு ஓடுவது அதில்தான். புதிதாக வாங்கிப் போட்டு நேரத்தையும் சரிப்படுத்தினேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் திரும்பவும் அதே பத்தரை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. சனிக்கிழமை ஏறிப்போய், இன்ரநெற்றில் இருந்து தானே ரொறன்ரோ நேரத்தை எடுக்கிற மாதிரிச் செய்து, வேறு எவரும் மாற்ற ஏலாதபடி பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினேன்.

அன்ரி கரண்டியும் கையுமாகக் குசினி வாசலில் நின்று கேட்டார். "இனி நேரம் அசையாது என்ன தம்பி? நாளைக்கு அவள் வாறாள்."

"ஆர் வந்தாலும் அசைக்கேலாது அன்ரி."

"மாதா உன்னை நல்லா வச்சிருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடியக் கென்னடி ரோட்டில் பஸ் ஏறினேன். பேக்கரியில் எட்டு மணிக்கு வேலை. ஜன்னலோரத்தில் இருந்து என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போனேன். திடீரென்று ஒன்று உறைத்தது. லினக்ஸால் வருகிற துள்ளல் முழு ஐந்து. பற்றறி செத்தால் நேரம் கண்டபடி போகும், ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் போகாது. பிறகு அந்த அரை எங்கேயிருந்து வந்தது? நான் அறிந்து அரை மணித்தியாலத்தை வாலில் கட்டிக்கொண்டு திரிகிறது எங்கள் ஊர் நேரம்தான். அந்த மாதம் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் சரியாகப் பத்தரை.

மணிக்கூடு பிழையாக ஓடவில்லை. அன்ரி ஒவ்வொரு நாளும் அதைக் கையால் ஊர் நேரத்துக்கு வைத்திருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் அதைக் கெடுத்திருக்கிறேன். அதோடு நில்லாமல் பூட்டும் போட்டிருக்கிறேன்.

கைத்தொலைபேசியைப் பார்த்தேன். ஏழு மணி ஐந்து நிமிசம். ஊரில் ஐந்து முப்பத்தைந்து. ஆனால் அன்ரியின் கொம்பியூட்டரும் இப்போது ஏழு ஐந்து என்றுதான் காட்டும். காலையா மாலையா என்று பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கிற ஆள் அவர் இல்லை. ஊரில் ஏழு மணியாகிவிட்டது, தங்கச்சி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் நினைப்பார்.

நண்பனுக்கு அடித்தேன். நித்திரை, எடுக்கவில்லை. வீட்டு டெலிபோன் எங்கேஜ். பஸ் மணியை அடித்து இறங்கி, வந்த பாதையில் திரும்பி ஓடினேன். விழுந்தது அப்போதுதான். ஒரு தரம்.

பதினோராம் மாடியில் அன்ரி கதவைத் திறந்தார். கமெராவுக்கென்று நல்ல சேலை உடுத்து, பவுடரும் போட்டிருந்தார். கண்ணீர் பவுடரில் இரண்டு கோடு இழுத்திருந்தது. கையில் டெலிபோன்.

"வந்திட்டுப் போயிட்டாள் தம்பி. நான் வந்து பாக்க ஏழு. எத்தினை தரம் அடிக்கிறன், அங்க லைன் போகுதில்லை. கொம்பியூட்டரையும் நிப்பாட்டிப்போட்டன்."

"அன்ரி, நீங்களோ நேரத்தை மாத்தினது?"

"ஓம். பின்ன என்ன செய்ய? வெயில் காலத்தில ஒம்பதரை மணித்தியால வித்தியாசம் எண்டீங்கள். இப்ப பத்தரை எண்டுறீங்கள். எனக்கு உந்தக் கூட்டல் கழித்தல் சரிவராது. உது எப்பிடியும் பிழையாத்தானே ஓடினது? ஓடுற பிழை ஊர் நேரத்துக்கு ஓடட்டும் எண்டு விட்டனான். நேற்று நீயும் அதைத்தான் பூட்டினாய் எண்டு நினைச்சன்."

"அது இப்ப ரொறன்ரோ நேரம் அன்ரி. ஊரில இன்னும் ஆறு ஆகேல்லை!"

அன்ரி டெலிபோனை எறிந்த வேகத்தில் யாரும் எறிந்து நான் கண்டதில்லை. கொம்பியூட்டரைப் போட்டேன். போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நிற்காமல், நடந்ததை அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். பத்து செக்கன் போய்விட்டது. லினக்ஸ் ஆறுதலாகத் திறந்தது.

"டேய், உது மேல் வீடடா!" என்றார் அன்ரி. என்னை 'டேய்' என்றது அதுதான் முதல் தரம்.

திரும்ப நிப்பாட்டி, திரும்பப் போட்டு, கீழே போய்ச் சேர ஏழு முப்பத்திரண்டு, ஊரில் ஆறு மணி இரண்டு நிமிசம். அங்கே ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கிற பட்டனை அமத்தினேன். கட்டம் கட்டமாக ஒரு முகம் கூடிவந்தது.

"அக்கா," என்றது முகம். "என்ன இப்பிடிக் கொழுத்துப்போனாய்?"

அன்ரி "எழும்பு," என்றார்.

"என்ன?"

"எழும்பி நில்லடி. பின்னுக்குப் போ. நட."

தங்கச்சி சிரித்துக்கொண்டு எழும்பினார். கதிரையைத் தள்ளிவிட்டு அந்தச் சின்னக் கடைக்குள் நாலு அடி அங்காலும் நாலு அடி இங்காலும் நடந்தார். கையிரண்டையும் தூக்கிக் காட்டினார். பிறகு பிள்ளைகளையும் முன்னால் இழுத்துவிட்டு, அன்ரி கேட்காமலே ஒவ்வொருவராகச் சுற்றிக் காட்டினார். சின்னவன் ஒற்றைக் காலில் துள்ளி, பிறகு மற்றக் காலிலும் துள்ளினான். அன்ரி மேசை விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக எண்ணுகிற மாதிரிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கதைக்கத் தொடங்கினார். கடைக்காரன் நிப்பாட்டும்வரை நிறுத்தவில்லை.

பேக்கரிக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன். பின்னேரம் திரும்பி வந்து முதல் வேலையாகப் பூட்டைக் கழற்றி, மணிக்கூட்டை ஊர் நேரத்துக்கு வைத்தேன். குசினியில் அன்ரி வவுனியாச் செய்தியைச் சத்தமாக யாருக்கோ டெலிபோனில் சொல்லிக்கொண்டு, ஒரு கையால் சோற்றைக் குழைத்தார்.

"மச்சான்," என்றேன் நண்பனிடம், "இனி உன்ர பக்கமும் ஊர் நேரம்தான் காட்டும். வேலைக்குப் பிந்தினா என்னைக் கேக்கக்கூடாது."

அவன் குசினிப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "என்னத்தையும் காட்டட்டும் விடடா, வைகாசிக்குப் பிறகு அம்மா இண்டைக்குத்தான் ஒருக்காப் போட்டது காணாமல் ரெண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிடுறா."