தட்டில் விழுந்த கல்சியக் கோடு

இந்த இங்கிலாந்தில் ஒரு மனிதன் பஸ் தரிப்பிடத்தில் நின்று நெற்றியைத் துடைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைத்துளி என்று நினைப்பார்கள். நான் துடைத்தது திருநீற்றை. என் மனைவி பூரணம் வாசலில் வைத்துப் பூசிவிடும் நீறு, தெருமுனை திரும்பியதும் என் கைக்குட்டைக்குள், எங்கள் பேச்சில் லேஞ்சிக்குள், போய்விடும்.

பூரணத்துக்கு அது விளையாட்டில்லை. ஊரில், முரசுமோட்டையில், அவளுடைய அண்ணன் ஒருநாள் நீறு பூசாமல் அவசரப்பட்டு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவன், வரம்பில் புடையன் கடித்துச் செத்துப்போனான். பூசிக்கொண்டு போனவர்களையும் பாம்பு கடித்திருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். "கதையாதேங்கோ, குனியுங்கோ" என்றாள். குனிந்தேன். அவளுடைய தாய் தங்கள் வீட்டுப் பசுவின் சாணத்தைச் சுட்டு, பால்மா வந்த தகர ரின்னில் அடைத்துக் கப்பலில் அனுப்பிய நீறு அது.

என் வேலை உலோகங்களில் அழுக்குத் தேடுவது. மகா சுத்தமான செம்பில் இரண்டு சிறு துண்டுகளைக் காற்றில்லாத பெட்டிக்குள் எதிரெதிரே வைத்து மின்பொறி பறக்கவிட்டால், அணுக்கள் கழன்று, காந்தத்தால் வளைந்து ஓடி, எடைக்கு ஏற்றபடி புகைப்படத் தட்டில் தனித்தனிக் கோடுகளாக விழும். துளியூண்டு அந்நியப் பொருள் கலந்திருந்தாலும் தட்டு காட்டிக்கொடுத்துவிடும். "அரிசியில கல்லுப் பொறுக்கிறியள், அவ்வளவுதானே?" என்றாள் பூரணம். ஓம், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் என் தட்டுகளில் மட்டும் கல்சியக் கோடு விழத் தொடங்கியது. பக்கத்திலேயே பொட்டாசியம். மற்றவர்கள் செய்தால் இல்லை. நானோ இன்னும் தற்காலிகம். என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவெடுக்கும் நேரம் அது. அமிலத்தை மாற்றினேன், இடுக்கியை மாற்றினேன், கையுறையை மாற்றினேன். சோறு இறங்கவில்லை, ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஒருநாள் மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியை லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பகுதித் தலைவர் பின்னால் வந்து நின்றார். யன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தூசி பறந்தது.

"அதென்ன, சுண்ணாம்பா?"

"இல்லை. சுட்ட மாட்டுச் சாணம்."

விழுந்து விழுந்து சிரித்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் லேஞ்சியை விரித்துப் பார்த்தேன். சாணிச் சாம்பலில் கல்சியமும் பொட்டாசியமும் இல்லாமல் வேறென்ன இருக்கும்! ஐயோ, பூசிய இடத்திலேயே விட்டிருந்தால்கூட இவ்வளவு பறந்திராது.

வீட்டுக்கு வந்து பூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் வெறும் நெத்தியோடயோ போனனீங்கள்?"

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"உங்களுக்கு நடக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் நீறும் இல்லை, லேஞ்சியும் இல்லை. தட்டில் அந்தக் கோடுகளும் இல்லை. தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் தோளில் தட்டி, "இப்போது நீ சுத்தம்" என்றார். வேலை நிரந்தரமாயிற்று. சந்தோசம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை நிரந்தரமானதைப் பூரணத்திடம் சொன்னபோது அந்தச் ‘சுத்தம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

இப்போதும் காலையில் பூரணம் வாசலுக்கு வருகிறாள். ரின்னுக்குள் போன விரல்கள் என் நெற்றிவரை வந்து நிற்கின்றன. பிறகு திரும்பித் தன் நெற்றியில் பூசிக்கொள்கிறாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான், போங்கோ" என்கிறாள். பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் என் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போகிறது. துடைக்க அங்கே ஒன்றுமில்லை.