முல்லையாற்றில் ஓர் ஐஸ்லாந்துக் கல்

செல்வராணி இறந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னது, ஐஸ்லாந்தில் எங்களோடு படித்த ஒரு வெளிநாட்டு நண்பன். அவள் ஊரான தேவாரத்தில் நடந்த சாவு கடல் தாண்டிப் போய்விட்டு, அதே மாவட்டத்தில் பழனிசெட்டிபட்டியில் இருக்கும் எனக்கு வந்து சேர்ந்தது. ஆள் மாறிச் சொல்கிறான் என்றே முதலில் நினைத்தேன். தலைவலி என்று படுத்தவள் எழவில்லையாம். இன்னும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவளை அறிந்த உங்களுக்கு அவள் பிடிவாதமும் தெரியும். நிலவியல் களப்படிப்புக்காக நாங்கள் இருவரும் ஐஸ்லாந்து போயிருந்தோம். வகுப்பறை கிடையாது, கூடாரமும் சுத்தியலும் மழையும்தான். அவள் பையில் துணியைவிடக் கல்தான் அதிகம். தேவாரம் மலையடியில் எடுத்த கல் ஒன்றும் ஊரிலிருந்து கூடவே வந்திருந்தது. ஒருநாள் கூடப் படித்த ஒருவன் விளையாட்டாக அதை ஓடையில் வீசிவிட்டான். பனி உருகி ஓடுகிற தண்ணீர். இவள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, துழாவி எடுத்த பிறகுதான் கரையேறினாள். உதடெல்லாம் நீலம். ஒரு கல்லுக்காகவா என்று திட்டினேன்.

"நாளைக்கு இங்கன பாறை மேப் போட ஒருத்தன் வருவான்ல? தேவாரத்துக் கல்லு எப்படி வந்துச்சுன்னு அவன் மண்டையப் பிச்சுக்கணுமா?" என்றாள்.

இறந்தவராகப் பாவித்து ஒரு கல்லை ஊன்றிக் காரியம் செய்து, கருமாதியன்று அதை ஆற்றில் விடுவது எங்கள் பக்க வழக்கம். அவள் கருமாதிக்குப் போயிருந்தேன். வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் அவள் அப்பா கையிலிருந்த கல்லைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கன்னங்கரேல் என்று, உடம்பெல்லாம் துளை. நம் மலைகளில் அப்படிக் கல் கிடையாது. ஐஸ்லாந்து எரிமலைக் கல்.

நான் பார்த்த பார்வையை அவரும் கவனித்துவிட்டார். "ஊன்றதுக்குக் கல்லு வேணும்னு சொன்னாக. அவ அலமாரியில இருந்து எடுத்தேன். தப்பா, தம்பி?"

அவள் இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாள். ஆனால் அத்தனை நாளும் அந்தக் கல்லுக்குத்தான் சோறு படைத்து அழுதிருக்கிறார்கள்.

"தப்பில்லங்கய்யா" என்றேன். அவர் குனிந்து தண்ணீரில் விட்டார்.

செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. தேவாரத்துக் கல்லை அவள் அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார்; என் மேசைமேல் இருக்கிறது. என்றாவது ஒருவர் சுத்தியலோடு அந்தக் கரைக்கு வருவார். இந்தக் கல் இங்கே எப்படி வந்தது என்று குழம்புவார். விடை தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அது என்ன கல் என்று அவர் கேட்டால், எங்கள் செல்வராணி என்றுதான் எனக்குச் சொல்ல வரும்.