மெத்தை வைத்த சைக்கிள்

என் முதுகு இரண்டு முறை போனது. முதல் முறை, என் தோல் பட்டறை வாசலில் ஆட்டோவிலிருந்து தோல் கட்டு ஒன்றை ஒற்றை ஆளாக இறக்கியபோது. இரண்டாம் முறை, எல்லாம் ஆறிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, மலையடிவாரத்துக் கல் பாதையில் கியர் சைக்கிளை விட்டபோது. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் மாட்டி நின்றது. நான் நிற்கவில்லை.

"பல்லு வலிக்குப் பத்து வைத்தியன், இடுப்பு வலிக்கு ஊரே வைத்தியன்" என்பார் பேகம்பூரில் எங்கள் தெரு டீக்கடைக்காரர். அப்படித்தான் ஆனது. ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் ஆட்டுக்கால் சூப் சொன்னார், தொழுகைக்குப் போனால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஒருவர் பெல்ட் சொன்னார். நிஜ டாக்டர் சொன்னது கொஞ்சம்தான்: பயிற்சி, நடை, தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். "மெத்தை உங்களுக்கு ஆகாது. உடம்பு அமுங்கி முதுகு வளைஞ்சிடும்" என்றார்.

சைக்கிளைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஆறு மாசம் போகட்டும். அப்புறம் சமதளத்துல ஓட்டிப் பாருங்க. வலி முதுகோட நின்னா பார்த்துக்கலாம். முழங்காலைத் தாண்டி மரத்துப்போச்சுன்னா சைக்கிளை மறந்துடுங்க."

மறப்பதா? நான் தோல் பையும் பெல்ட்டும் தைக்கிறவன். வாரம் முழுக்க மிஷின் முன்னால் குனிந்த தலை, ஞாயிறு காலை அந்தச் சைக்கிளில் ஏறி ஊரைத் தாண்டினால்தான் நிமிரும். நாற்பத்தாறு வயதில் எனக்கென்று நான் வாங்கிய ஒரே சாமான் அது. ஆனால் என் மனைவி டாக்டர் பேச்சைப் பிடித்துக்கொண்டார். கால் மரத்துப்போனால் சைக்கிள் அவர் தம்பிக்கு. அந்த மச்சான் வாரத்துக்கு ஒரு முறை வந்து, பக்ரீத்துக்கு ஆடு பார்க்கிறவரைப் போல டயரை அமுக்கிப் பார்ப்பார். "சும்மாதான் மச்சான் பாக்குறேன். அவசரமெல்லாம் இல்ல."

ஆறு மாதம் கழிந்ததும் முதல் வேலையாக லேத் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தது. பிடிக்க வேண்டுமானால் முதுகை வளைத்தாக வேண்டும். லேத்காரர் என்னை ஏறி உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்தார். "இரும்பு நாம சொன்னதைக் கேக்கும் பாய், இடுப்பு கேக்காது. இரும்பையே ஏத்திருவோம்" என்றார். நாலு விரல் உயரத்துக்கு ஒரு குழாய்த் துண்டு கடைந்து ஹேண்டில்பாரைத் தூக்கினார். தூக்கியதும் பிரேக் வயர் எட்டவில்லை. இடது பக்கம் திருப்பினால் பிரேக் தானாகப் பிடித்தது. நீளமான வயர் வாங்கி மாட்டினோம்.

மிச்சம் இருந்தது சீட். அது என் தொழில் ஆயிற்றே, விடுவேனா? அந்த ஒல்லி சீட்டின் மேல் இரண்டு அடுக்கு ஃபோம் வைத்து, ஆட்டுத்தோல் போர்த்தி, இரட்டைத் தையல் போட்டேன். தெருவே அமுக்கிப் பார்த்தது.

"பாய், இது சைக்கிளா சோபாவா?"

பெருமையோடு பைபாஸ் வரைக்கும் போனேன். போகப் போக இடுப்பு ஃபோமுக்குள் புதைந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. திரும்பும் வழியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் என்ன செய்தேன் தெரியுமா? மெத்தை போதவில்லை என்று இன்னொரு அடுக்கு வைத்தேன்!

அந்த ஞாயிறு பைபாஸ்கூட எட்டவில்லை. சந்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது மனைவி வாசலில் நின்றார்.

"கால் மரத்துருச்சா?"

தலையாட்டினேன். அவர் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் பாதி உள்ளே போனது.

"நீங்க எதுல படுக்குறீங்க?"

"பாயில."

"ஏன்?"

"மெத்தையில படுத்தா முதுகு..." என் கண் சீட்டுக்குப் போனது.

"உங்களுக்குத் தரை, சைக்கிளுக்கு மெத்தை. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கும் மரத்துச்சுன்னா தம்பியை வரச் சொல்லிருவேன்."

ஃபோமை எல்லாம் பிய்த்துப் போட்டேன். லேத்காரரின் பழைய இரும்புக் குவியலில், பால்காரர்கள் ஓட்டும் பெரிய சைக்கிளின் சீட் சட்டம் ஒன்று, அடியில் ஸ்பிரிங்கோடு கிடைத்தது. அதன் மேல் தடித்த எருமைத்தோலை நனைத்து, இழுத்துக் கட்டி, நிழலில் காயவைத்து ரிவெட் அடித்தேன். தட்டினால் தப்பு மேளம் போல் சத்தம் வந்தது. லேத்காரர் டயரைப் பார்த்துவிட்டு, "காத்தைக் கொஞ்சம் இறக்கு பாய். குலுக்கலை டயரு வாங்கிக்கட்டும், நீ வாங்காத" என்றார்.

அந்த ஞாயிறு வெயில் ஏறுவதற்குள் கிளம்பினேன். சீட் அகலமாக, விறைப்பாகத் தாங்கியது. முதுகு நேராக இருந்தது. பைபாஸ் போனது, தென்னந்தோப்பு போனது, மல்லிகைத் தோட்டங்கள் வந்தன. பத்து கிலோமீட்டர் இருக்கும். ஒரு வரப்போரம் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். அந்த மரமரப்பு எப்போதும் இடுப்பிலிருந்து கிளம்பி மெல்லத்தான் கீழே வரும். இடது காலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

பூப் பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையோடு நிமிர்ந்தார். "என்ன பாய், காலையே பாத்துக்கிட்டு நிக்கிறீக? எதுவும் கடிச்சிருச்சா?"

"இல்லம்மா. கடிக்குதான்னு பாக்குறேன்."

"கடிக்காததுக்கு எதுக்குப் பாய் காவல்? செத்த நேரம் உக்காருங்க, இல்ல வீட்டைப் பாத்துப் போங்க!"

சிரித்துவிட்டேன். சிரித்தபோதும் முதுகு ஒன்றும் சொல்லவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தேன். செருப்புக்குள் மண் நறநறத்தது. கட்டைவிரலில் ஒரு எறும்பு ஏறிக் கடித்ததுகூடத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

போன் அடித்தது. மனைவி.

"கால்?"

"எறும்பு கடிச்சுது. தெரிஞ்சுச்சு."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. மூக்கை உறிஞ்சினாரோ என்னவோ. பிறகு பழைய குரலில், "அப்ப வர்ற வழியில ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க. பின்னாடி கட்டாதீங்க, நசுங்கிரும்" என்றார்.

முதுகு போன நாளிலிருந்து என்னை ஒரு தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடாதவர். தக்காளியை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மிதித்தேன்.