மண் இல்லை என்று எழுதிக்கொடுத்தவள்

விசாலாட்சிக்குப் பயப்படக் காரணம் எதுவும் தேவையில்லை. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் பன்னிரண்டாவது மாடி வீட்டைப் பூட்டிவிட்டு மின்தூக்கி வரை வருவாள். பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போவாள். பார்த்துவிட்டு வந்தால், அடுப்பை அணைத்தோமா என்று இன்னொரு நடை. "பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லன்னா, ஏன் ஒண்ணுமே இல்லன்னு பயப்படுவா லா" என்று அவள் கணவர் ரத்னவேல் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பயத்துக்குச் சம்பளம் கொடுக்கவும் ஓர் ஆள் இருந்தார். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் காய்கறி இறக்குமதி செய்யும் செல்வராஜ். தமிழ்நாட்டிலிருந்து அவருக்கு வரும் முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை எல்லாவற்றுக்கும் அனுமதித் தாள்களை இருபத்திரண்டு வருடமாக நிரப்புகிறவள் விசாலாட்சிதான். ஒவ்வொரு தாளையும் நாலு தடவை படிப்பாள். ஐந்தாவது தடவை படிப்பதற்குள் செல்வராஜ் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அவள் கையெழுத்துப் போட்ட சரக்கு ஒன்றுகூட இதுவரை திரும்பிப் போனதில்லை.

போன ஆடி மாதம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பத்தொன்பது இளம் விவசாயிகள் செல்வராஜைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் மூத்தவனுக்கே முப்பத்தொரு வயது. அவர்களுடைய அப்பாமார்கள் மஞ்சளைத் தோண்டி, வேகவைத்து, காயவைத்து, விலை ஏறட்டும் என்று கிடங்கில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள். பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை. ஆளுக்குக் கால் ஏக்கர் ஒதுக்கி, பச்சைச் செடியாகவே பொங்கலுக்குச் சிங்கப்பூர் அனுப்பலாம் என்று கிளம்பிவிட்டார்கள். நல்ல யோசனைதான். இங்கே பொங்கல் பொங்குவது கேஸ் அடுப்பில் என்றாலும், பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து இல்லாமல் முடியாது.

அவர்களுக்குத் தலைவி அனுப்ரியா என்ற இருபத்தாறு வயதுப் பெண், வேளாண்மை படித்தவள். ஆறு மாதம் அவளை விசாலாட்சி படுத்தாத பாடில்லை. மருந்து அடித்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். வேரைக் கழுவும் தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அது கலங்கலாக இருக்கிறது என்று மறுபடி கழுவவைத்தாள். 'சிங்கப்பூரு அக்கா' என்றாலே அங்கே பத்தொன்பது பேரும் நோட்டைத் தேடி ஓடுவார்கள்.

ஆனாலும் சொன்னதையெல்லாம் செய்தார்கள். கழுவுவதற்கென்றே ஒரு கொட்டகை போட்டார்கள். ஊரில் இருபது பெண்களுக்கு அதில் வேலை கிடைத்தது. 'இந்தப் பொடிசுகளுக்கு எதுக்கு வேண்டாத வேலை' என்று கேட்டவர்களே கொட்டகை வாசலில் வந்து நின்று பார்க்கத் தொடங்கினார்கள். முதல் சரக்கு நல்லபடியாக இறங்கினால் கறிவேப்பிலையும் முருங்கையும் வருடம் முழுக்க வாராவாரம் எடுத்துக்கொள்வதாகச் செல்வராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். இறங்காவிட்டால் கொட்டகையில் ஆடு கட்ட வேண்டியதுதான். மொத்த ஊரும் அந்த இருநூற்று நாற்பது பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலை விமானத்தில் பெட்டிகள் வந்து சேர்ந்தன. எட்டரை மணிக்கு விசாலாட்சியின் கைப்பேசி அடித்தது.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க்கா." அனுப்ரியாவின் குரல் அழுது முடித்த குரலாக இருந்தது.

என்ன தப்பு என்று கேட்டாள் விசாலாட்சி. அனுப்ரியா திக்கித் திக்கிச் சொன்னாள். அவர்கள் ஊரில் முதல் பாரம் ஏறும்போது வயலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, மூட்டைகளுக்கு நடுவில் வைப்பது வழக்கம். விளைந்ததை நிலமே கூட வந்து வழியனுப்ப வேண்டுமாம். ஈரோட்டுச் சந்தைக்குப் போன வண்டிகளில் காலங்காலமாக வைத்ததை, அவர்களில் ஒருவனான ரகுபதி விமானத்துக்கும் வைத்துவிட்டான். வேரை மூன்று தண்ணீரில் கழுவிக் காயவைத்து அடுக்கிய பெட்டிக்குள் மண்ணை முடிந்து வைத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான்!

"எந்தப் பெட்டி?"

"அவனுக்கே தெரியலைங்க்கா. சும்மா கைக்கு வந்த பொட்டில வச்சானாம். இப்பத்தான் வாயத் தொறந்தான்."

'பெட்டிகளில் மண் இல்லை' என்று முந்தின நாள்தான் விசாலாட்சி எழுதிக்கொடுத்திருந்தாள். ஒரு பிடி மண்ணில் எந்த நோய் எந்தப் புழுவோடு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது வாசலைத் தாண்டக்கூடாது. கண்டுபிடித்தால் சரக்கு மொத்தமும் எரிப்பதற்குப் போகும். அந்தப் பிள்ளைகளின் பெயர் கெட்டுவிடும். அப்புறம் அவர்கள் ஒரு கொத்து கறிவேப்பிலை அனுப்பினால்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடம் அழுக்குப் படாமல் வைத்திருந்த தன் கையெழுத்தும் அதோடு போகும்.

செல்வராஜிடம் சொன்னாள். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைக்கவே இல்லை.

"எத்தன பெட்டி திறப்பாங்க? ஆறு. மிஞ்சிப்போனா எட்டு. இருநூத்தி நாப்பதுல ஆறு! பேசாம போய் நில்லு, சைன் வாங்கிட்டு வா லா. பயந்து எதையாச்சும் உளறிவைக்காத."

நிறுவன லாரியில் விமான நிலையத்துச் சரக்கு வளாகத்துக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். செல்வராஜ் சொன்னது நியாயமாகவே பட்டது. பேசாமல் இருப்பதைவிட அவளுக்குச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. ஆனால் பேசாமல் இருந்தால் அந்த முடிச்சு நேராகத் தேக்கா சந்தைக்குத்தான் வரும். யாரோ ஒருத்தி வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பிரிப்பாள். மண்ணைப் பூந்தொட்டியில் கொட்டுவாள். அதிலிருந்து என்ன கிளம்பும் என்று நினைத்து இனி எத்தனை பொங்கல் பயந்துகொண்டிருப்பது?

பரிசோதனை அதிகாரி ஜைனப்புக்கு விசாலாட்சியை நன்றாகத் தெரியும். இந்த அம்மாவின் தாள்களில் தப்பு இருக்காது என்று சிரித்தபடியே ஆறு பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு மூடி விலகும்போதும் விசாலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஆறிலும் மஞ்சள் கொத்துகள் பச்சைப்பசேல் என்று கிடந்தன. வேரைத் தடவிப் பார்த்த ஜைனப் ரொம்பச் சுத்தம் என்று பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

முடிந்தது. இனி மூச்சு விடலாம். ஆனால் அப்போதுதான் விசாலாட்சிக்கு ஒன்று உறைத்தது. காலையில் அந்தப் பெண் சொல்லாமல் இருந்திருந்தால் இது தனக்குத் தெரிந்தே இருக்காது. பத்தொன்பது குடும்பத்தின் பிழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இருபத்தாறு வயதுப் பெண் சொல்லிவிட்டாள்.

"கையெழுத்துப் போடாதீர்கள்" என்று மலாயில் சொன்னாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "உள்ளே ஒரு பெட்டியில் மண் இருக்கிறது. எது என்று தெரியாது."

ஜைனப்பின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பேனாவை மூடினார். யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, எல்லாப் பெட்டிகளையும் திறக்க வேண்டும் என்றார். நீங்களாகச் சொன்னதால் மண் இருக்கிற பெட்டி மட்டும் அழிக்கப்படும், மற்றதை விடலாம் என்றும் சொன்னார்.

கையுறை போட்டுக்கொண்டு விசாலாட்சியும் திறந்தாள். எழுபத்துமூன்றாவது பெட்டியில் மஞ்சள் துணி எட்டிப்பார்த்தது. எலுமிச்சம்பழம் அளவு முடிச்சு. பாவி மகனே என்று ரகுபதியை மனசாரத் திட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. ஆனாலும் ஜைனப் நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்று மணிவாக்கில் இருநூற்றுப் பதினொன்றாவது பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இன்னொரு மஞ்சள் முடிச்சு இருந்தது.

ஜைனப் முடிச்சைப் பார்த்தார். பிறகு விசாலாட்சியைப் பார்த்தார். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று விசாலாட்சிக்கு அப்போது தெரிந்தது. ஒன்று என்று சொன்னவள் இவள்தானே. இனி இவள் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? கையுறையைக் கழற்றிவிட்டு அனுப்ரியாவை அழைத்தாள்.

"ரெண்டாவது இருக்கு. யார் வச்சது?"



"நாந்தானுங்க்கா."

"நீயா?"

"ரகுபதி சொன்னதும் ஒண்ணுன்னு உங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். நானும் வச்சேன்னு சொல்ல வாய் வரலைங்க்கா. எல்லாத்துக்கும் புத்தி சொன்னவ நாந்தானே. பயமா இருந்துச்சுங்க்கா."

தன்னை வாய் திறக்கவைத்த அந்த நேர்மை பாதி நேர்மைதானா? கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வறுத்தெடுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் 'பயமா இருந்துச்சு' என்று அந்தப் பெண் சொன்ன விதம் அவளைத் தடுத்தது. பயம் ஓர் ஆளை என்னவெல்லாம் செய்யவைக்கும் என்று விசாலாட்சிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"இன்னும் இருக்கா?"

"இல்லைங்க்கா. சத்தியமா இல்லைங்க்கா."

விசாலாட்சி கைப்பேசியை மார்போடு அழுத்திக்கொண்டு ஜைனப் பக்கம் திரும்பினாள். "இல்லை என்கிறாள். நான் நம்பவில்லை. மிச்சத்தையும் திறந்துவிடுவோம்" என்றாள். மிச்சம் இருபத்தொன்பது பெட்டிகள். ஒவ்வொரு மூடியையும் அவளே எடுத்தாள், இந்தத் தடவை கண்ணை மூடாமல். ஒன்றிலும் எதுவும் இல்லை. இரண்டு பெட்டிகளைத் தனியே எடுத்து முத்திரை வைத்த ஜைனப், அடுத்த சரக்கிலும் எல்லாப் பெட்டிகளையும் திறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, மற்றதற்குக் கையெழுத்துப் போட்டார்.

லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்று விசாலாட்சி கவனித்தாள். காதில் வைத்தாள்.

"அக்கா, இனி எங்கள நம்பவே மாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றாள் விசாலாட்சி. "அடுத்த வாரம் கறிவேப்பிலை அனுப்பு. ஒவ்வொரு பெட்டியையும் நானே வந்து திறந்து பார்ப்பேன்."