பதினோராவது தையல்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பீளமேட்டில் ஒரு பேராசிரியர் வீட்டு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு மாய உலகப் பாத்திரமாகக் கதை வளர்க்கும் விளையாட்டு எங்களுடையது. கதையை நடத்துவது பேராசிரியர். உள்ளபடி சொன்னால், விளையாடிய நேரத்தைவிட விதிப்புத்தகங்களில் உள்ள ஓவியங்களைப் பற்றிப் பேசிய நேரமே அதிகம். ஒரு மந்திரவாதியின் பூட்ஸ் கிழிந்திருந்தால், அதே கிழிசல் எந்தப் பழைய ஓவியத்தில் இருந்தது, அந்த ஓவியருக்கு இவர் வைத்த வணக்கமா என்று தேடுவோம்.

கண்டவற்றை நான் நோட்டில் எழுதுவேன்: புத்தகம், பக்கம், மூலை, கண்டவர். பம்ப் கம்பெனியில் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை, அந்தப் பழக்கம். விதி ஒன்று உண்டு. ஒருவர் கண்டதை, விரல் வைத்துக் காட்டாமல், வேறு இருவர் தாமாகக் காண வேண்டும். அதுவும் மேசையில் இருக்கும் என் பிரதியில். இல்லையென்றால் பதிவு கிடையாது.

இந்த விதியால்தான் எங்களில் ஒருவரான சோமனூர்க்காரர் வராமல் போனார். விசைத்தறி வைத்திருப்பவர். துணியில் இழை எண்ணும் சின்னக் கண்ணாடி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். ஓவியங்களையும் அதை வைத்துத்தான் பார்ப்பார். முதல் பதிப்பின் அட்டையில் ஒரு டிராகன், அதன் கிழிந்த சிறகில் பதினொரு தையல். பிற்பாடு வேறொருவர் வரைந்த இரட்டைப்பக்க ஓவியத்திலும் சிறகில் அதே பதினொன்று என்று ஒருநாள் சொன்னார். உற்சாகத்தில் நான் முன்கூட்டியே எழுதிவிட்டேன். பிறகு எண்ணினால் எனக்குப் பத்து, பேராசிரியருக்கும் பத்து. சோமனூர்க்காரரோ, தன் வீட்டுப் பிரதியில் பதினொன்று இருக்கிறது என்றார். மேசைப் பிரதிதான் செல்லும் என்று சொல்லி, ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தேன்.

"தறியில ஒரு இழை அறுந்தா நிறுத்தி முடிச்சுப் போடுவமுங்க அக்கா. நீங்க துணியவே வெட்டிப்போட்டீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த ஞாயிறு வரவில்லை. எட்டு மாதம் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. கதையில் அவருடைய பாத்திரமான வில்லாளியைக் கொல்ல மனமில்லாமல், பேராசிரியர் ஒரு சத்திரத்தில் காய்ச்சலில் படுக்க வைத்திருந்தார். போன் செய்ய நான் பலமுறை நினைத்தேன். எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

நான்காமவள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். நன்றாக வரைவாள். அவளுடைய ஓவியம் முதன்முதலாக ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் அச்சாகி வந்தது. எனக்கென்று ஒரு பிரதி கொண்டுவந்து மேசையில் விரித்துவிட்டு, வரைந்தவள் சாட்சி சொல்லக் கூடாது என்று தள்ளி உட்கார்ந்தாள். எங்கள் நோட்டில் ஏறிய கிழிந்த பூட்ஸ், ஓரம் உடைந்த நிலா எல்லாம் இருந்தன. கீழ் மூலையில் கட்டைவிரல் அளவு டிராகன், சிறகில் தையல். எண்ணினேன். பேராசிரியரும் எண்ணி முடித்து என்னைப் பார்த்தார். இருவருக்கும் பதினொன்று.

நான் பேனாவைத் திறந்தேன். அவள் சொன்னாள்: "உங்களத் தவிர ரெண்டு பேரு வேணுமில்லீங்க அக்கா? சார் ஒருத்தர்தான ஆச்சு. இன்னொருத்தருக்கு எங்க போவீங்க?"

என் விதியை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். மாடிப்படியில் நின்று சோமனூருக்குப் போன் செய்தேன். ஓர் ஓவியத்தைப் பார்க்க வேண்டும், என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டேன் என்றேன். அவர் கேட்டார்:

"நான் எண்ணுனா உங்களுக்கு ஒத்து வருமுங்களா?"

"நான் எண்ணுனதே தப்பா இருக்குமோன்னு தோணுதுங்க. வாங்க."

"வாரனுங்க."

அடுத்த ஞாயிறு தேங்காய் பன்னும் ஒரு மஞ்சப்பையுமாக வந்தார். ஓவியத்தைப் பார்த்ததும், "ஏன் அம்மணி, நெலாவ எலி கடிச்சுப்போட்டுதா?" என்று அவளைச் சீண்டினார். பிறகு கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கீழ் மூலைக்கு வந்ததும் உதடுகள் மெதுவாக அசைந்தன. பதினொன்று என்றபோது என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைக்கத் தொடங்கியவர், வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மஞ்சப்பையில் இருந்தது அவருடைய பழைய பிரதி. புத்தகக் கட்டு விட்டு, தாள் தாளாக இருந்தது. அந்த இரட்டைப்பக்கம் பாய் மாதிரி விரிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. சிறகின் ஒரு தையல் சரியாக நடுமடிப்பில் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, பாதிக்கு மேல் விரிக்காமல் நான் காப்பாற்றி வைத்திருந்த பிரதியில் அதை மடிப்பு விழுங்கியிருந்தது.

விதியை மாற்றிவிடலாம் என்றார் பேராசிரியர். நான் மேசை டிராயரில் இருந்த பிளேடை எடுத்து, என் புத்தகத்தோடு சோமனூர்க்காரரிடம் கொடுத்தேன்.

"வேண்டாமுங்க அக்கா. நல்ல புஸ்தகம்."

"நூலு உங்களுக்குத்தான் தெரியும். பிரிங்க."

தாளில் கீறல் படாமல் மூன்று இடத்தில் கட்டு நூலை அறுத்தார். பக்கம் படிந்தது. யாரும் விரல் வைக்கவில்லை. பேராசிரியர் எண்ணினார், நான் எண்ணினேன்.

மையால் அடித்ததை அழிக்க முடியாது. அந்த வரிக்குக் கீழே, அதே சொற்களை மறுபடி எழுதினேன். கண்டவர் என்ற இடத்தில் அவர் பெயர். நோட்டை மூடியதும் பேராசிரியர் பகடையை அவர் பக்கம் உருட்டிவிட்டு, சத்திரத்தில் வில்லாளிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, பசிக்கிறது என்கிறான் என்றார்.