சரோஜாக்காவின் முதுகுத் தலையணை

அன்று காலை சரோஜாக்கா எங்களை வேனில் கொண்டுவந்து பனியன் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த நடை ஆட்களை ஏற்றப் பல்லடம் போனார். நான் செக்கிங் மேசையில் பீஸ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அண்ணன் வந்து மெஷின்களை நிறுத்தச் சொன்னார். "வேன் லாரி பின்னாடி மோதிருச்சுங்க. அக்கா போயிட்டாங்க." மெஷின்கள் நின்ற பிறகுதான் ஃபேன் சத்தம் கேட்டது.

அந்த வேனில் வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நான் யாரிடமும் பேசாமல் அவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வந்தவள். அங்கிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு முதல் நாள் வேலைக்கு வந்தபோது அழுதுகொண்டே வந்தேன். அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டார். கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

அவர் உயரம் குறைவு. பழைய வேனில் அவருக்காக அனுப்பர்பாளையத்துப் பட்டறை ஒன்றில் பெடல்களின் மேல் கட்டை வைத்து போல்ட் போட்டிருந்தார்கள். சீட்டையும் உயர்த்தி முன்னால் நகர்த்தியிருந்தார்கள். அப்படியும் குன்னத்தூர் மல்லிகா கேலியை விடமாட்டாள்.

"ஏனுங்க்கா, வெளிய நின்னு பாத்தா ஸ்டீயரிங் மட்டுந்தான் தெரியுது. வண்டிய பேய் ஓட்டுதான்னு கேக்கறாங்க."

"பேய்தான் கண்ணு. மாசச் சம்பளம் வாங்கற பேய்."

பிறகு புது வேன் வந்தது. பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் கிழிக்கவில்லை. நம் ஊரில் புது வண்டிக்கு யார் கிழிக்கிறார்கள்? அக்கா மேனேஜரிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"சார், பிரேக்கு நுனிக்காலுக்குத்தானுங்க எட்டுது. பழைய மாதிரி கட்டை வெச்சுக் குடுங்க."

"புது வண்டில கை வெச்சா வாரண்டி போயிருமுங்க. முதுகுக்குத் தலகாணி வெச்சு ஓட்டுங்க."

"அப்ப இந்தக் கவரையாச்சும் கிழிச்சரலாங்களா? தலகாணி வழுக்குது."

"முதலாளி வைவாருங்க."

அக்கா பனியன் வேஸ்ட் துணியை அடைத்து ஒரு தலையணை தைத்து, நாடா வைத்துச் சீட்டில் கட்டினார். பிளாஸ்டிக்கில் அது நிற்கவில்லை. வளைவுகளில் நழுவியது. தலையணை நழுவினால் முதுகு பின்னால் போகும், கால் பிரேக்குக்கு எட்டாது. அதனால் நான் பின்னாலிருந்து நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவேன். "காலு எட்டோணும் கண்ணு. எட்டலீன்னா அது நம்ம வண்டி இல்ல" என்பார்.

அந்த நடையில் வேன் காலி. பிடிக்க ஆளில்லை. முன்னால் போன லாரி திடீரென்று நின்றிருக்கிறது. நாடா அவிழ்ந்து தலையணை கதவோரம் கிடந்ததாம். துக்க வீட்டில் மேனேஜர், "விதிங்க" என்றார். வேறொருவர், "இத்துனூண்டு ஆளுக்கு இந்த வேலை எதுக்கு?" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது வேறொரு புது வேன் வருகிறது. அதிலும் பிளாஸ்டிக் உறை இருந்தது. நூல் வெட்டும் ட்ரிம்மரால் டிரைவர் சீட்டின் உறையை மேலிருந்து கீழ்வரை கிழித்தேன்.

"யாரு கிழிச்சது?" என்றார் மேனேஜர்.

"நானுங்க."

என் குரலை உங்களில் பலர் அன்றுதான் கேட்டீர்கள். மேனேஜர் சீட்டைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

அக்காவின் மகனிடம் கேட்டு அந்தத் தலையணையை வாங்கி வைத்திருக்கிறேன். புது டிரைவர் உயரமானவர், அவருக்கு அது தேவையில்லை. தினமும் மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்து வருகிறேன். வளைவு வந்தால் கை தானாக நாடாவை இழுத்துப் பிடிக்கிறது.